வாயைத் திறந்து சொல்லுங்க: ஆங்கிலத்தின் 'ஆட்டு ஏ' பழகும் முறை



பாலக்கரைப் பகுதியில் முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா செய்து விற்கும் ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவின் ஊக்குநர் அக்காவை நீங்கள் பலரும் பகுதிக் கூட்டமைப்புக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள். வங்கியில் கடன் தாமதமானால் நேராக மேனேஜர் அறைக்குள்ளேயே போய், "என்ன சார், எங்க ஃபைலு எங்க நிக்குது?" என்று கேட்கக் கூடியவர். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக எந்தக் கண்காட்சிக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நான் பின்னாடி பாக்கெட் போடுறேன், வேற யாரையாச்சும் முன்னாடி நிறுத்துங்க" என்றார். நாங்களும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம்.

விஷயம் வேறு. முந்தைய கண்காட்சி ஒன்றில் தமிழ் தெரியாத ஒரு தம்பதி கடைக்கு வந்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அக்கா மகளிடம் கேட்டு மூன்று நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று உண்டு: 'வீ மேக் ஸ்நாக்ஸ்.' நாங்கள் தின்பண்டம் செய்கிறோம் என்று அர்த்தம். ஆனால் வாயிலிருந்து வந்தது 'வீ மேக் ஸ்நேக்ஸ்.' ஸ்நேக் என்றால் பாம்பு. நாங்கள் பாம்பு செய்கிறோம்! அந்தப் பெண்மணி ஒரு நொடி விழித்துவிட்டு, பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுத்தான் போனாங்க மேடம். ஆனா அந்தச் சிரிப்பு காதுலயே நிக்குது" என்று அக்கா சொன்னபோது எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பொருளைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் பின்னால் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டினால், மொத்த ஆர்டர் பேச முன்னால் யார் இருக்கிறார்கள்?

அதனால் சேமிப்பும் சந்தாவும் எண்ணி முடித்த பிறகு, கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தை இந்த ஒரே ஒரு ஒலிக்கு ஒதுக்கினோம். அங்கே பேசியதையும் பழகியதையும் மற்றக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அக்கா தப்பாக மனப்பாடம் செய்யவில்லை. தமிழில் உயிரெழுத்து 12. அதில் எ இருக்கிறது, ஏ இருக்கிறது, ஆ இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் இன்னொரு ஒலி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. எழுத்து இல்லாத ஒலியை நம் காது பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சில சொல்லை ஏ வீட்டில் சேர்க்கிறோம்: பேங்க், பேக், கேஷ், மேனேஜர், கேன்சல், கேமரா. சில சொல்லை ஆ வீட்டில் சேர்க்கிறோம்: ஸ்நாக்ஸ், பான் கார்டு, டாக்ஸி. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றிலும் முதலில் வரும் உயிர் ஒரே ஒலிதான். நாம் எழுதும்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இதில் பெரிய குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா? வீட்டில் சமைக்கக் கேஸ் தீர்ந்துபோச்சு என்கிறோம். கோர்ட்டில் கேஸ் நடக்குது என்றும் சொல்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் முதல் மெய்யும் வேறு, உயிரும் வேறு. சமையல் கேஸுக்கு இந்த நடு ஒலி. கோர்ட் கேஸுக்கு நம்ம ஏ. அதேபோல பேக் என்று எழுதினால் அது துணிப்பையா, முதுகா, அடுப்பில் ரொட்டி சுடுவதா? பையும் முதுகும் நடு ஒலி, ரொட்டி சுடுவது ஏ. நாப்கின் செய்யும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாப்கினைக் குறிக்கும் பேட் நடு ஒலி. பணம் கட்டிவிட்டோம் என்று சொல்லும் பெய்ட் ஏகாரம். பணம் கட்டியாச்சா என்று கேட்டால் நாப்கின் என்று பதில் சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது அல்லவா?

இந்த ஒலியில் தடுமாறுவது தமிழ் எழுத்து மட்டும் இல்லை. பேங்க் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆந்திராவில் தெலுங்கில் 'ப்யாங்கு' என்று எழுதுகிறார்கள். கர்நாடகத்திலும் 'ப்யாங்க்'தான். கேரளத்தில் 'பாங்க்'. இந்தியில் ஐகாரம் போட்டு 'பைங்க்' என்று படிக்கும்படி எழுதுவார்கள். நம் ரூபாய் நோட்டிலேயே ரிசர்வ் வங்கியின் பெயர் இந்தியில் அப்படித்தான் இருக்கிறது (இந்திக்காரர்கள் அந்த ஐகாரத்தை வாய் அகட்டித்தான் சொல்வார்கள், அதனால் அவர்களுக்குப் பிழைப்பு நடந்துவிடுகிறது). மராத்தியில் இந்த ஒலிக்கென்றே ஒரு குறி வைத்திருக்கிறார்கள். இலங்கையில் சிங்கள எழுத்தில் இந்த ஒலிக்குக் குறில் ஒன்றும் நெடில் ஒன்றும் தனி எழுத்தாகவே உண்டு. நமக்கு 'வங்கி' என்ற நல்ல சொல் இருப்பதால் எழுத்து இல்லாமலே தப்பித்துக்கொண்டோம்!

ஒலிக்கு எழுத்து வேண்டும் என்று நம் பக்கத்திலேயே ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். பழைய நாளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். குறில் என்று காட்ட மேலே ஒரு புள்ளி வைப்பார்கள். ஓலையில் எழுதுகிறவர் புள்ளியை விட்டுவிட்டால் படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியிலிருந்து வந்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டையும் வடிவத்திலேயே பிரித்துக் காட்டினார் என்பார்கள். இன்று நாம் எ, ஏ என்று குழப்பமில்லாமல் எழுதுகிறோம். இந்த நடு ஒலிக்கு இன்னும் யாரும் எழுத்து தரவில்லை. தமிழுக்கு அது தேவையும் இல்லை. வேறு மொழி பேசும்போது மட்டும் வாய்க்குத் தேவை.

தமிழை ஆங்கிலத்தில் எழுதப்போனாலும் இதே பாடுதான். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழில் உச்சரிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. வேலூருக்குக் கொடுத்த எழுத்துகளை ஆங்கிலம் படித்தவர்கள் 'வீலூர்' என்று படித்தார்கள். சில நாளிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "நாம தப்பாச் சொன்னா சிரிக்கிறாங்களே, வெள்ளைக்காரன் தமிழ் பேசினா நாம கைதட்டுறோமே, அது என்ன நியாயம்?" நல்ல கேள்வி. நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிராப்பள்ளி என்று சொல்ல வராமல் ஆங்கிலேயர்கள் 'டிரிச்சினாபொலி' ஆக்கினார்கள். அவர்கள் வாய்க்கு வந்தது அதுதான். யாரும் சிரிக்கவில்லை, கெஜட்டில் அப்படியே அச்சடித்தார்கள். நம் உறையூர்ப் பக்கத்துச் சுருட்டு 'செரூட்' என்று ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரன் பிடித்தது டிரிச்சினாபொலி சுருட்டுதான். அந்தச் சாம்பலை வைத்துத்தான் துப்பறிவாளர் ஆளை அடையாளம் சொல்கிறார். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' ஆனது. நம் காசும் போர்த்துகீசியர் வழியாகப் போய், சின்ன நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் ஆனது. சென்னையில் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நாம் கா என்று நேராகச் சொன்ன எழுத்தை அவர்கள் இந்த நடு ஒலியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஆகவே சொல்ல வராதது ஒரு குற்றம் இல்லை. சொல்ல வந்தால் வியாபாரத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். சமூகப்பணி பட்டப்படிப்பின் வாய்மொழித் தேர்வில் 'ரேண்டம்' என்ற சொல்லை எங்களில் ஒருவர் மூன்று முறை சொல்லியும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குப் புரியவில்லை. கடைசியில் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நாங்களும் கண்ணாடி முன் நின்று பழகினோம்.

இப்போது ஒலிக்கு வருவோம். முதல் வாரம் நாங்கள் நாக்கு, தாடை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருக்கும் ஏறவில்லை. கூட்டம் நடந்த வீட்டு வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. தழை தீர்ந்துபோய் அது கத்த ஆரம்பித்தது. வயதான ஒரு உறுப்பினர், "இதைத்தானே மேடம் இவ்வளவு நேரமாச் சொல்றீங்க?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்! ஆடு 'மே' என்று கத்துகிறது என்று புத்தகத்தில் எழுதுகிறோம். ஆனால் ஆடு நம் ஏகாரமா சொல்கிறது? வாயை நன்றாகக் கீழே இறக்கி, அகட்டி, ஏ-க்கும் ஆ-வுக்கும் நடுவில் அல்லவா கத்துகிறது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் இதன் பெயர் 'ஆட்டு ஏ'. இனி இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறோம். வாசலில் அசிங்கத்தைப் பார்த்துச் சிலர் "அய்யே!" என்று முகம் சுளிப்பார்களே, அந்தக் கடைசி ஒலியும் பல பேர் வாயில் ஆட்டு ஏ-தான். ஆகவே இது நம் வாய்க்குப் புதுசு இல்லை.

வாயை வைக்கும் முறை இது. ஏ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கின் நுனி கீழ்ப்பல்லின் பின்புறம் தொட்டுக்கொண்டிருக்கும். நுனியை அங்கேயே வைத்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்தாமல், கீழ்த்தாடையை மட்டும் மெதுவாக இறக்குங்கள். உதடு குவியக் கூடாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்தே இருக்க வேண்டும். தாடை இறங்க இறங்க ஏ மாறி ஆட்டு ஏ வரும். கைக்கணக்கு வேண்டுமென்றால் இப்படிப் பாருங்கள்: ஏ சொல்லும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும், ஆட்டு ஏ-க்கு இரண்டு விரல் அளவு வாய் திறந்திருக்க வேண்டும். (கையைக் கழுவிவிட்டு!) நாக்கு பின்னால் போய்ப் படுத்துவிட்டால் அது ஆ ஆகிவிடும். அப்போது மறுபடி ஏ-யிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு தப்பு அடிக்கடி வருகிறது. ஒன்று, வெட்கத்தில் வாயைத் திறக்காமலே சொல்வது. நம் வீடுகளில் பெண்பிள்ளை வாயைப் பெரிசாகத் திறந்து பேசினாலே அதட்டி வளர்த்திருக்கிறார்கள். இந்த ஒலிக்கு அந்த வளர்ப்பு ஒத்துவராது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆட்டு ஏ சொல்லவே முடியாது, நாங்கள் பார்த்துவிட்டோம். இன்னொன்று, இடையில் ஒரு 'ய' சேர்த்துவிடுவது. கேஷ் என்பதை 'க்யாஷ்' என்பதும், பேங்க் என்பதை 'ப்யாங்க்' என்பதும் இப்படித்தான் வருகிறது. ய வந்தால் தாடை ஒரே இறக்கமாக இறங்கவில்லை, நாக்கு முதலில் மேலே போய்விட்டுக் கீழே வருகிறது என்று அர்த்தம். முதல் மெய்யைத் தனியாக நிறுத்தி, பிறகு ஆட்டு ஏ மட்டும் சொல்லி, பிறகு இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்.

வாய்க்கு முன்னால் காது பழக வேண்டும். காது பிரிக்காததை வாய் பிரிக்காது. இதற்கு நாங்கள் துண்டுச் சீட்டு விளையாட்டு வைத்தோம். ஒரு சீட்டில் பேனா படம், ஒன்றில் வலியால் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள், ஒன்றில் தோசைச் சட்டி. ஆங்கிலத்தில் பேனாவுக்கு நம்ம எ. வலிக்கு நம்ம ஏ, கடைசியில் லேசாக ஒரு ய் சத்தம். சட்டிக்கு ஆட்டு ஏ. சொற்கள் மூன்றும் பகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன, நடுவில் மட்டும்தான் வித்தியாசம். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஒருவரை உட்கார வைத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லி, மற்றவர்கள் சரியான சீட்டைத் தூக்க வேண்டும். முதல் நாள் பாதிக்கு மேல் தப்பு. மூன்றாவது வாரம் போட்டி போட்டுக்கொண்டு தூக்கினார்கள். பிறகு உறுப்பினரே சொல்லி மற்றவர் தூக்குவது. வீட்டில் தனியாகப் பழக செல்போனில் குரலைப் பதிவு செய்து போட்டுக் கேட்கலாம். தன் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு அடையாளம். மூன்றெழுத்துச் சின்னச் சொல்லின் நடுவில் ஏ என்ற ஆங்கில எழுத்து வந்தால் பெரும்பாலும் ஆட்டு ஏ. அதே சொல்லின் கடைசியில் ஒரு ஈ எழுத்து ஒட்டிக்கொண்டால் நம்ம ஏ ஆகிவிடும். தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் 'டேப்' ஆட்டு ஏ. அளக்கிற டேப் நம்ம ஏ, அதன் கடைசியில் ஈ இருக்கிறது. எல்லா இடத்திலும் இது செல்லாது. 'ஹேவ்' என்ற சொல்லில் கடைசியில் ஈ இருந்தும் ஆட்டு ஏ-தான். டபிள்யூ எழுத்துக்குப் பின்னால் வரும் பல சொற்களில், உதாரணமாக வாஷ், வாட்ச் போன்றவற்றில், ஆட்டு ஏ வராது.

பாஸ்புக், கிளாஸ் ஆகிய சொற்களை என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். லண்டன் பக்கத்தில் அதை நம்மைப் போல ஆகாரமாகத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஆட்டு ஏ. இரண்டும் சரி. நாம் ஆ என்றே சொல்லிக்கொண்டு போகலாம், யாருக்கும் புரியாமல் போகாது.

மேனேஜர் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். நாம் இரண்டு ஏ-யையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்தில் ஆட்டு ஏ போட்டு அழுத்துவார்கள். அடுத்தது சின்ன 'நி' மாதிரி ஓடிவிடும். இந்த அழுத்தம் சாதாரண விஷயமில்லை. இந்தியர்களின் ஆங்கிலம் வெளிநாட்டவருக்கு எங்கே புரியாமல் போகிறது என்று ஆர்.கே.பன்சால் ஆய்வு செய்து, ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனம் அதை 1969-இல் வெளியிட்டது. சொல்லின் எந்த இடத்தை அழுத்துகிறோம் என்பது அதில் முக்கியக் காரணமாக வந்தது. ஆகவே ஒலி ஒன்று திருந்தினாலே போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. அழுத்தத்தைப் பற்றி இன்னொரு இதழில் விரிவாக எழுதுகிறோம்.

அக்காவின் வாக்கியத்துக்குத் திரும்ப வருவோம். 'வீ மேக் ஸ்நாக்ஸ்' என்பதில் ஏன் சறுக்கினார் என்று உட்கார்ந்து யோசித்தோம். மேக் என்ற சொல்லில் நம்ம ஏ இருக்கிறது. அடுத்த சொல்லிலேயே ஆட்டு ஏ. முதல் ஏ-க்கு வைத்த வாயை மாற்றாமல் அடுத்ததுக்குப் போனால் பாம்புதான் வரும்! 'டேக் எ பேக்', அதாவது பையை எடுத்துக்கோங்க என்பதிலும் இதே பள்ளம்தான். எனவே மேக் சொன்னதும் ஒரு நொடி நிறுத்தி, தாடையை இறக்கிக்கொண்டு, அப்புறம் ஸ்நாக்ஸ் சொல்லும்படி பழக்கினோம். முதலில் நிறுத்தம் செயற்கையாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு நிறுத்தம் சுருங்கிப்போய் வாய் தானாக இறங்கியது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தாடையை மட்டும் பார்த்து "இறங்கல, இறங்கல" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தடுத்து இந்த வாக்கியங்களைப் பழகி வருகிறோம்: நன்றி சொல்லும் 'தேங்க் யூ', கேஷ் இருக்கிறதா என்று கேட்பது, பேட்ச் நம்பர் இங்கே இருக்கிறது என்று பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுவது, பேக்கிங் கட்டணம் சேர்த்துச் சொல்வது. கடைக்கு வேண்டிய சொற்கள் மட்டும்தான் பட்டியலில் இருக்கின்றன. துண்டுச் சீட்டுகளைப் படத்துடன் வரைந்து கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். வேண்டும் குழுக்கள் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தரவும். தோசைச் சட்டிச் சீட்டு ஒன்று ஏற்கனவே காணாமல் போய்விட்டது. எடுத்தவர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டால் நல்லது.

வரும் கண்காட்சிக்கு யார் யார் போவது என்று சென்ற கூட்டத்தில் பெயர் எழுதினோம். ஊக்குநர் அக்கா கையைத் தூக்கினார். முன்னாலா பின்னாலா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "முன்னாடிதான். ஆனா போர்டுல மட்டும் முறுக்குன்னு தமிழ்லயே பெரிசா எழுதிடுங்க மேடம்."